எந்த மணி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் நான் இருக்கும் தெருவில் மொத்தம் ஆறு மணி. கடிகாரத்தைச் சொல்லவில்லை, ஆட்களைச் சொல்கிறேன். அதில் ஒருவன் நான். ஐம்பது வருஷமாக இந்தப் பேரை வைத்துக்கொண்டு ஒரே மாதிரியான கேள்விகளுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், பேங்க்கில் கேட்கிறார்கள், டீக்கடையில் கேட்கிறார்கள். சரி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிப் போட்டுவிட்டால் இனி கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, மணி என்று நாம் சொல்வதில் பாதி மணியே இல்லை.

நீங்க எந்த மணி?

இதுதான் முதல் கேள்வி, எப்போதும். எங்கள் பக்கம் வெறும் மணி என்று ஒருத்தரைச் சொன்னால் யாருக்கும் புரியாது, முன்னால் ஏதாவது ஒட்டு வேண்டும். ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தவர் ஐஸ் மணி, காசிமேட்டில் போட்டு வைத்திருந்தவர் போட்டு மணி, கேரம் போர்டே கதி என்று கிடந்தவன் கேரம் மணி, உயரமாக இருந்தால் நெட்டை மணி, அவருக்கு எதிர் வீட்டில் ஒருத்தர் இருந்தால் அவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கட்டை மணி. நான் கொஞ்ச நாள் பிரிண்டிங் பிரஸ்ஸில் இருந்தேன், அதனால் பிரஸ் மணி. பிரஸ்ஸை மூடி வருஷமாகிவிட்டது, ஆனால் ஒட்டு போகவில்லை. பத்திரிகைக்காரர் என்று நினைத்து குடிநீர்ப் பிரச்சினையைப் பற்றி என்னிடம் மனு கொடுத்தவர்கள்கூட உண்டு.

மணி என்றால் முதல் பொருள் என்ன?

அகராதியைத் திறந்தால் ஒரு பத்தியே ஓடும். பழைய பாட்டுகளில் அதிகமாக வருவது ரத்தினக்கல் என்ற பொருள்தான். அதிலும் குறிப்பாக நீலக்கல். மணிநிறம் என்று பழைய நூல்களில் வந்தால் அங்கே பெரும்பாலும் கருநீலத்தைத்தான் சொல்கிறார்கள். சிவனுக்கு மணிமிடற்றன் என்று பேர், அதாவது நீலகண்டன். திருமாலுக்கு மணிவண்ணன். எங்கள் தெருவில் ஒரு மணிவண்ணன் இருக்கிறார், நல்ல சிவப்பு, அது வேறு விஷயம்.

திருக்குறளில் அரண் அதிகாரத்தில் 'மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்' என்று ஒரு குறள் இருக்கிறது. ஒரு நாட்டுக்குக் காவல் எது என்றால் முதலில் மணிநீர் என்கிறார், நீலமணி போல் தெளிந்த தண்ணீர். தண்ணி லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்பவர்களுக்கு இந்தக் குறளுக்கு உரையே தேவையில்லை.

அகநானூற்றை மூன்றாகப் பிரித்திருக்கிறார்களே, அதில் 121 முதல் 300 வரையிலான 180 பாட்டுகளுக்கு மணிமிடை பவளம் என்று பேர். நீலமணியும் சிவந்த பவளமும் மாறி மாறிக் கோத்த மாலை மாதிரி. தமிழும் சமஸ்கிருதமும் கலந்து எழுதிய நடைக்கு மணிப்பிரவாளம் என்று பேர் வந்ததும் இதே கணக்குதான், பிரவாளம் என்றால் பவளம். இன்றைக்கு நாம் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுவதற்கு இவ்வளவு அழகான பேர் யாரும் வைக்கவில்லை.

அப்போ கோயில் மணி?

அதுவும் மணிதான், அதுவும் பழசுதான். சங்கப் பாட்டில் யானை கழுத்திலும் மணி தொங்குகிறது, தேரிலும் தொங்குகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது அகநானூற்றின் நான்காவது பாட்டு, குறுங்குடி மருதனார் பாடியது. தலைவன் வேலை முடிந்து தேரில் வீட்டுக்குத் திரும்புகிறான். வழியெல்லாம் பூத்த சோலை, அதில் வண்டுகள் ஜோடியாக இருக்கின்றன. தேர்மணிச் சத்தத்தில் அவை மிரண்டுவிடக் கூடாது என்று மணியின் நாக்கைக் கட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு வருகிறானாம். 'மணிநா ஆர்த்த மாண்வினைத் தேரன்.' மணிக்குள் தொங்கும் அந்தத் துண்டுக்கு அன்றைக்கும் நா, இன்றைக்கும் நாக்குதான். டோல்கேட் பக்கம் ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் கன்டெய்னர் லாரிக்காரர்களுக்கு இந்தப் பாட்டைப் பெரிய போர்டில் எழுதிக் காட்டலாம் என்று பல தடவை தோன்றியிருக்கிறது.

மணி என்றதும் ஆராய்ச்சி மணி ஞாபகம் வருபவர்களும் உண்டு. கன்றை இழந்த பசு மணியை இழுத்து நியாயம் கேட்ட மனுநீதிச் சோழன் கதை நடந்தது திருவாரூரில், ஆனால் அவருக்கு பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலும் சிலை இருக்கிறது. வாய்தா மேல் வாய்தா வாங்கி அலைகிறவர்கள் அந்தச் சிலையைத் தாண்டித்தான் போய் வருகிறார்கள்.

நேரத்துக்கு ஏன் மணி என்று பேர்?

மணி அடித்து நேரம் சொன்னதால். நம்முடைய பழைய கணக்கு நாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம், ஏழரை நாழிகை ஒரு சாமம். நாள் 24 கூறு என்ற கணக்கும் அதை அடித்துச் சொல்லும் கடிகாரமும் வந்த பிறகு, அந்த ஒரு கூறுக்கு நாம் தனியாக ஒரு சொல் தேடவில்லை. எத்தனை அடி விழுந்ததோ அத்தனை மணி. இரண்டரை நாழிகை ஒரு மணி ஆகிவிட்டது. இப்போது போனில் எந்தச் சத்தமும் இல்லாமல் எண் மாறுகிறது, அதையும் மணி என்கிறோம்.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். வடசென்னையில் ரொம்பக் காலம் நேரம் சொன்னது மணி இல்லை, சங்கு. ஊதும் சங்கு இல்லை, மில் சைரனுக்கு எங்கள் பக்கம் சங்கு என்றுதான் பேர். பெரம்பூர் பக்கத்து வீடுகளில் பி அண்ட் சி, அதாவது பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் துணி மில் சங்கை வைத்துத்தான் உலை வைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினார்கள். 'ரெண்டாவது சங்கு ஊதிட்டான், இன்னும் குளிக்கலியா' என்று திட்டு வாங்கியவர்களுக்கு இப்போது அறுபது எழுபது வயது இருக்கும். 1996ல் மில் மூடியதோடு அந்தச் சங்கும் போனது. கிறிஸ்தவத் தெருக்களில் மட்டும் மாதா கோயில் மணி காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை அடிக்கும். இடையில் ஒற்றை ஒற்றையாக, விட்டு விட்டு அடித்தால் யாரோ தவறிவிட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் பாட்டி சாமி கும்பிடுவது முருகனை, ஆனால் அந்த மணி கேட்டால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு யாரென்று விசாரிக்கத் தெருவுக்குப் போய்விடுவார்.

எட்டு மணிக்கும் எட்டு மணி நேரத்துக்கும் என்ன வித்தியாசம்?

முதலாவது கடிகாரத்தின் முகம், இரண்டாவது உழைப்பின் அளவு. தமிழ் படிக்க வருகிற வெளியூர்ப் பையன்கள் இதில்தான் வழுக்கி விழுகிறார்கள். எங்கள் கடைக்கு எதிரே பாத்திரக்கடையில் வேலை பார்க்கும் பீகார்ப் பையன் ஒருநாள் 'பத்து மணி வேணும்' என்றான். பத்து மணிக்கு வேண்டுமா, பத்து மணி நேரம் வேண்டுமா, சாமிக்கு அடிக்கும் மணி பத்து வேண்டுமா என்று கடைக்காரர் குழம்பிப்போனார். அவன் கேட்டது பூஜை மணி, ஊருக்கு எடுத்துப்போக.

எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கைக்கும் இந்த ஊருக்கும் நெருங்கிய சொந்தம். 1918ல் பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1923 மே 1 அன்று தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களைச் சென்னையில் நடத்தினார், ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையில், இன்னொன்று திருவல்லிக்கேணி கடற்கரையில். மணி அடித்து வேலைக்குக் கூப்பிட்டவர்களிடம் எத்தனை மணி நேரம் என்று திருப்பிக் கேட்ட கூட்டம் அது. காசிமேட்டில் நள்ளிரவு தாண்டியதும் கண் விழித்து மீன் ஏலத்துக்கு ஓடுகிறவர்களுக்கு எட்டு மணி நேரமும் கிடையாது, எட்டு மணியும் கிடையாது, அவர்களுக்கு எட்டு மணி என்றால் பாதி நாள் முடிந்துவிட்டது.

சென்னைக்குத் தனி நேரம் இருந்ததா, ராயபுரம் ரயில் எந்த மணிக்கு ஓடியது?

இருந்தது, மெட்ராஸ் நேரம் என்றே பேர். 1792ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் கட்டினார்கள், அது இருந்த தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போட்டால் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால். இப்போது நாம் வைத்திருக்கும் இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம், அது 1906ல் வந்தது. ஆக, பழைய சென்னைக் கடிகாரம் இன்றைய கடிகாரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்னால் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்குக் கிளம்பியபோது இந்திய நேரம் என்று ஒன்றே கிடையாது. எங்கள் ஆட்கள் எங்கு போனாலும் பத்து நிமிடம் லேட்டாகப் போவதற்கு இதைக் காரணமாகச் சொல்லலாம், நான் சொல்லிப் பார்த்தேன், வீட்டில் எடுபடவில்லை.

மின்ட் மணிக்கூண்டு என்கிறார்களே, அது எந்த மணி?

கடிகார மணி. பஸ்ஸில் இப்போது வள்ளலார் நகர் என்று போர்டு இருக்கும், ஆனால் கண்டக்டரிடம் மின்ட் என்று கேட்டால்தான் சட்டென்று டிக்கெட் கிழிப்பார். கம்பெனிக்காரன் காலத்தில் அங்கே நாணயம் அடித்தார்கள், அதனால் மின்ட், தமிழில் தங்கசாலை. இங்கிலீஷில் காசுக்கு மணி என்றுதானே உச்சரிக்கிறோம்? காசு அடித்த இடத்தில் மணிக்கூண்டை நிறுத்தியிருக்கிறார்கள். வேண்டுமென்று செய்ததில்லை, ஆனால் ஆறாம் வகுப்பில் இந்த ஜோக்கைச் சொல்லி வாத்தியாரிடம் அடி வாங்கினேன், அதனால் அதை விட்டுக்கொடுக்க மனசில்லை.

மணியார்டர், மணிபர்ஸ், மணி பிளான்ட் எல்லாம் நம்ம மணி இல்லையா?

இல்லை. அது இங்கிலீஷ் காசு. தபால் மணியார்டர் இங்கே 1880ல் வந்தது. ஆனால் எங்கள் பாட்டியிடம் போய் இது வேறு மணி என்று சொல்லிப் பாருங்கள். மாசம் பிறந்தால் தாத்தா துறைமுகத்தில் சம்பளம் வாங்கி ஊருக்கு அனுப்புவார், தபால்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்து எண்ணிக் கொடுப்பார், அதனால் அது மணியார்டர் என்பது பாட்டியின் தீர்மானம். விளக்கம் தப்பு. ஆனால் சொல் அவருடைய வாயில் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது, அதற்குமேல் என்ன வேண்டும்? மணிபர்ஸையும் யாரும் காசுப்பை என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கவில்லை, அப்படியே தமிழாக எடுத்துக்கொண்டார்கள்.

மணிலாக் கயிறு?

துறைமுகத்தைச் சுற்றியுள்ள கயிற்றுக் கடைகளில் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். இதுவும் நம்ம மணி இல்லை, பிலிப்பைன்ஸின் மணிலா. அந்த நாட்டில் விளையும் ஒரு வகை வாழை நாரில் திரிப்பது, உப்புத் தண்ணீரில் சீக்கிரம் அழுகாது, அதனால் கப்பல்காரர்களுக்குப் பிடித்துப்போனது. விழுப்புரம், ஆற்காடு பக்கம் வேர்க்கடலைக்கு மணிலாக்கொட்டை என்று பேர், அதைச் சுருக்கி மல்லாட்டை. அதுவும் அந்த மணிலா வழியாக ஒட்டிக்கொண்ட பேர்தான். இங்கே வந்து மல்லாட்டை கேட்ட விழுப்புரத்துக்காரரிடம் எங்கள் பொட்டிக்கடை அக்கா 'அந்தக் கீரை இல்லப்பா' என்று சொன்னதை நானே கேட்டேன்.

சுப்பிரமணிக்குள் மணி இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் என் முழுப் பேரே அதுதான். இல்லை. சமஸ்கிருதத்தில் அது சு, பிரம்மண்யன் என்று பிரியும். பிரம்மத்தோடு சேர்ந்த சொல், மணிக்கல்லுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. தமிழில் வாய்க்கு வந்தபடி சுப்பிரமணியன் ஆகி, கூப்பிட நீளமாக இருக்கிறது என்று வாலை மட்டும் வெட்டி எடுத்தோம், அந்த வால் மணி மாதிரி இருந்தது. அவ்வளவுதான். ரமணியும் அப்படியே, அது ரம் என்ற இன்பத்திலிருந்து வந்த வேறு சொல்.

ஆக, தமிழ்நாட்டில் மணி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் லட்சக்கணக்கான ஆட்களில் பெரும் பகுதிப் பேர் நியாயப்படி மணியே கிடையாது. கவுண்டமணியின் சொந்தப் பேர் சுப்பிரமணி, மணிரத்னத்தின் சொந்தப் பேரும் கோபாலரத்னம் சுப்பிரமணியம். இவர்களிடம் போய் உங்கள் பேரில் மணி இல்லை என்று யார் சொல்வது? நான் முதன்முதலில் இதைப் படித்தபோது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, யாரோ ரேஷன் கார்டில் பேரை அடித்துவிட்ட மாதிரி. அம்மாவிடம் சொன்னேன். 'உன்ன நான் முருகன் பேர வச்சுப் பெத்தேன், மணின்னு கொஞ்சினது நான், இதுல அவுங்க யாரு' என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

நிஜமாகவே மணி இருக்கிற பேர்கள் எவை?

மணிகண்டன், கழுத்தில் மணி கட்டியிருந்த குழந்தை, ஐயப்பன். மணிமாறன், மணிமொழி, வீரமணி, பொன்மணி, தங்கமணி, நாகமணி. கிறிஸ்தவக் குடும்பங்களில் ஜெபமணி, தேவமணி, ஞானமணி, இவர்கள் எங்கள் ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் நிறைய. பட்டம் என்றால் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, அரசு கொடுக்கும் கலைமாமணி. 1934ல் தொடங்கிய தினமணியின் பேருக்குச் சூரியன் என்று பொருள், பகலின் மணி. அது நேரத்தைக் குறிக்கிறது என்று நான் கல்லூரி போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணுக்கும் மணி என்று வைப்பார்களா?

தாராளமாக. தமிழில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்படியே பொருந்துகிற பேர்கள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. மணியம்மையாரின் பிறந்த பேர் காந்திமதி, அரசியல்மணி என்று அழைக்கப்பட்டுப் பிறகு மணியம்மை ஆனார். வலைப்பதிவுகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் எல்லா ஆண்களும் தங்கள் மனைவியைத் தங்கமணி என்று எழுதினார்கள், பதிலுக்கு அந்தம்மாக்கள் ரங்கமணி என்று திருப்பிக் கொடுத்தார்கள். இப்போதும் அந்தக் காலத்து ஆட்கள் சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் மேலானது மணிமேகலைதான். மேகலை இடுப்பில் கட்டுவது, அதில் கோத்தது மணி. கோவலன் மகளுக்கு அந்தப் பேர் வந்தது கடல் தெய்வத்தின் பேரால். அவனுடைய முன்னோர் ஒருவர் கப்பல் உடைந்து நடுக்கடலில் தத்தளித்தபோது மணிமேகலா தெய்வம் வந்து காப்பாற்றியதாம், அந்த நன்றியைப் பிள்ளைக்குப் பேராக வைத்தார்கள். கடலுக்குப் போனவர் திரும்பி வந்ததற்காகப் பிள்ளைக்குச் சாமி பேர் வைப்பது காசிமேட்டில் இன்றைக்கும் இருக்கிற வழக்கம், அதனால் எங்களுக்கு அந்தக் கதை காப்பியமாகத் தோன்றாது, பக்கத்து வீட்டு விஷயமாகத்தான் தோன்றும்.

நாய்க்கு ஏன் எல்லோரும் மணி என்று பேர் வைக்கிறார்கள்?

கழுத்தில் மணி கட்டியதால் என்று ஒரு சாரார், சின்னதாக அழகாக இருந்ததால் என்று ஒரு சாரார். என்னைக் கேட்டால் கூப்பிடச் சுலபம், இரண்டே எழுத்து, கடைசியில் இகரம், எவ்வளவு தூரத்துக்கு வேண்டுமானாலும் இழுக்கலாம். எங்கள் தெருமுனையில் பழுப்பு நிறத்தில் ஒன்று இருக்கிறது. ஆறு மணிகளில் அதைச் சேர்த்திருக்கிறேனா என்று கேட்காதீர்கள்.

கண்மணி என்று கொஞ்சுவது எந்த மணி?

கண்ணுக்குள் இருக்கும் கரிய மணி, பாவை இருக்கும் இடம். எதிரில் நிற்பவரின் உருவம் குட்டியாக அதில் தெரியும், அதற்குத்தான் பாவை என்று பேர். வள்ளுவர் இதை வைத்து ஒரு வேலை செய்திருக்கிறார். 'கருமணியிற் பாவாய்நீ போதாயாம் வீழும் திருநுதற்கு இல்லை இடம்.' என் கண்மணியில் குடியிருக்கும் பாவையே, நீ காலி பண்ணு, நான் விரும்புகிறவளுக்கு இடம் இல்லை என்கிறான். வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் குறளின் அருமை கூடுதலாகத் தெரியும். இன்னொரு இடத்தில் கோத்த மணிக்குள் நூல் தெரிவது மாதிரி அவள் அழகுக்குள் ஒரு குறிப்புத் தெரிகிறது என்கிறார், 'மணியில் திகழ்தரு நூல்போல்' என்று. பாசிமணி விற்கும் அம்மாவிடம் கண்ணாடி மணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் உவமை எங்கிருந்து வந்தது என்று புரியும்.

குந்துமணித் தங்கம் என்றால் எவ்வளவு?

குன்றிமணி என்பதுதான் வாய்வழக்கில் குந்துமணி. சிவப்பு விதை, ஒரு முனையில் கறுப்பு. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைப்பார்களே, அதுதான். ஒரு விதை கிராமில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு எடை இருக்கும், விதைக்கு விதை பெரிய மாற்றம் இருக்காது என்று நம்பி அந்தக் காலத்துத் தட்டார்கள் அதை எடைக்கல்லாக வைத்துக்கொண்டார்கள். 'வீட்டுல குந்துமணித் தங்கம் இல்ல' என்று சொல்வது அதனால்தான். சவுகார்பேட்டை நகைக்கடைகளில் இப்போது எலக்ட்ரானிக் தராசு மில்லிகிராம் வரை காட்டுகிறது, ஆனால் பேரம் பேசும்போது வாயில் வருவது குந்துமணிதான். ஒன்று மட்டும் கவனம், விதை கடும் விஷம், உடைத்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. பிள்ளையார் கண்ணைக் குழந்தைகள் நோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற மணிகள்?

வேகமாகச் சொல்கிறேன். கருகமணி முஸ்லிம் வீடுகளிலும் தெலுங்கு வீடுகளிலும் தாலியோடு சேர்வது, தெலுங்கில் நல்லபூசலு. நெல்மணி, சோளமணி என்றால் தானியம். மணிக்கட்டு கையில் இருப்பது. மணிப்புறா புள்ளி போட்ட புறா. பத்து மணிப் பூ வெயில் ஏறியதும் மலர்வது. 'கையெழுத்து மணி மணியா இருக்கு' என்றால் பாராட்டு. மணியக்காரர் என்றால் கிராமத்துப் பழைய அதிகாரி, 1980ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பரம்பரைப் பதவிகளை ஒழித்த பிறகு விஏஓ வந்துவிட்டார். 'மணியடிச்சா சோறு' என்றால் ஜெயில், புழல் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு அந்தச் சொலவடை கொஞ்சம் கிட்டத்தில் ஒலிக்கும். மணலி என்பது மணல், அதில் மணியைத் தேட வேண்டாம்.

நியூசிலாந்தில் தமிழ் எழுத்துள்ள மணி இருக்கிறதாமே, நிஜமா?

நிஜம். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி அங்கே வங்காரே பக்கம் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது பாத்திரம் இல்லை, கப்பல் மணியின் மேல் பாகம், விளிம்பு உடைந்துபோனது. காற்றில் சாய்ந்த ஒரு பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்ததாக அவர்கள் சொன்னார்கள். அதைச் சுற்றிப் பொறித்திருந்த எழுத்து தமிழ். முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று எழுதியிருக்கிறது. தமிழ் முஸ்லிம் வணிகரின் கப்பல். இப்போது அது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். பேரை எழுதி, கப்பலைச் சொல்லி, கடைசியில் 'மணி' என்றும் எழுதியிருக்கிறார்கள். மணியின் மேலேயே இது மணி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள்தான், சந்தேகமே இல்லை. இங்கேயும் போட்டில் போட்டு என்று எழுதவில்லையே தவிர, பக்கெட், பாய், டார்ச் லைட் எல்லாவற்றிலும் உடைமைக்காரர் பேர் பெயின்ட்டில் இருக்கும்.

ஆவணங்களில் பேர் மாறி மாறி இருந்தால் என்ன செய்வது?

என் பள்ளிச் சான்றிதழில் சுப்பிரமணி, ஆதாரில் மணி, ரேஷன் கார்டில் சுப்ரமணியன். ஒரு பேங்க்கில் என் கணக்கில் வர வேண்டிய கேஸ் மானியம், அதே இனிஷியல் உள்ள இன்னொரு மணியின் கணக்கில் நான்கு மாதம் விழுந்துகொண்டிருந்தது. அவர் நல்லவர், எங்கள் தெருதான், தானே வந்து கொடுத்துவிட்டார். 'நம்ம மணியா இருக்கும்னு நெனச்சேன்' என்றார். என் அனுபவத்தில், முதலில் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பேருக்கு மற்ற எல்லாவற்றையும் மாற்றுவதுதான் குறைந்த அலைச்சல். சான்றிதழையே மாற்றப் போனால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும்.

உங்களைப் பார்க்க வந்தால் எப்படிக் கேட்டு வருவது?

தெருமுனையில் நின்று பிரஸ் மணி வீடு எது என்று கேளுங்கள், யாராவது கை காட்டுவார்கள். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை வர வேண்டாம், தூங்குவேன். தயவுசெய்து வெறுமனே 'மணி' என்று சத்தம் போடாதீர்கள். போன வாரம் கூரியர் பையன் அப்படித்தான் கூப்பிட்டான். இரண்டு வீட்டுக் கதவு திறந்தது, மாடியிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்து 'நாலரை' என்றார், நான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் பழுப்பு நிறத்தது முதல் ஆளாகப் போய் அவன் பையை மோந்துகொண்டிருந்தது.